கதவக்காவும் ஒரு கரடியின் பின்புறமும்

மிருகங்களைப் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் கதவக்கா, "தூரத்துலேருந்து" என்பாள். கேட்டவர் சிரிப்பார், அவள் சிரிக்க மாட்டாள். பூனை முடி பட்டால் அவளுக்குக் கண் வீங்கிவிடும். தெருநாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். மூன்றாம் மாடியில் இருந்த அவள் வீட்டில் மீன் தொட்டிகூடக் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பிழைப்பு, ஒவ்வொரு மிருகக்காட்சிசாலையாகப் போய், கூண்டுக்குள் இருக்கும் ஜீவன்களை மனம் நோகாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பாடம் எடுப்பது.

மருத்துவம் கிடைக்காமல் விலங்கியல் படித்தாள். விலங்கியலுக்கு வேலை கிடைக்காமல் ஒரு கோழிப் பண்ணையில் சேர்ந்தாள். அங்கே கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தின. கிளறிப் பொறுக்கக் கொஞ்சம் வைக்கோல் போட்டால் கொத்தாது, பொழுது போகாமல்தான் கொத்துகிறது என்று இவள் எழுதிக் கொடுத்தாள். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கோழிக்குப் பொழுது போகலைன்னா நான் என்னம்மா பண்றது, பக்கத்துல உக்காந்து கதை சொல்லவா" என்றார். அன்றே அவள் வேலையை விட்டாள். கோழிக்குப் பொழுது போகவில்லை என்பதற்காக ராஜினாமா செய்த ஒரே பட்டதாரி என்று நாத்தனார் அவளை இன்றும் விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்துவைக்கிறாள். "மனுஷனுக்கே இங்க நாதியைக் காணோம், இவ கரடிக்கு சௌகரியம் பாக்கக் கெளம்பிட்டா" என்பது நாத்தனாரின் நிரந்தரமான விமரிசனம். கதவக்கா அதை மறுத்ததில்லை. மனிதனுக்கு நாதி தேடித் தருகிறோம் என்று கிளம்பியவர்கள் ஏற்கெனவே கூட்டமாக இருந்தார்கள். கரடித் துறையில்தான் நெரிசல் குறைவு.

கதவக்கா என்பது ஊழியர்கள் வைத்த பெயர். வகுப்பிலும், ஊர் ஊராகப் போன அவளுடைய கையேட்டுப் புத்தகத்திலும் உள்ள போதனை முழுவதையும் பிழிந்தால் ஒரு கதவுதான் மிஞ்சும் என்பதால் வந்தது. மிருகக்காட்சிசாலையில் ஒவ்வொரு மிருகத்துக்கும் பின்னால் ஓர் அறை, முன்னால் ஒரு முற்றம், இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் ஓடும் ஓர் இரும்புக் கதவு இருக்கும். காலையில் மிருகத்தை முற்றத்துக்குத் துரத்திக் கதவை மூடுவார்கள். சாயங்காலம் திறந்து உள்ளே விடுவார்கள். நடுவில் ஜனங்கள் பார்ப்பார்கள். பகலில் அந்தக் கதவைத் திறந்தே வையுங்கள், பார்க்கப்பட இஷ்டமில்லாத மிருகம் உள்ளே போய்க்கொள்ளட்டும் என்பதுதான் கதவக்கா. மற்றதெல்லாம், அதாவது தீனியை ஒரே தட்டில் கொட்டாமல் அங்கங்கே ஒளித்துவைப்பது, உராய்ந்துகொள்ள மரத்தடி நடுவது, குழாய்த் தண்ணீரில் விளையாட விடுவது எல்லாம், அவளுக்குப் பின்குறிப்பு.

வகுப்பில் அவளுடைய முதல் பாடம் எங்கே போனாலும் ஒன்றுதான். எல்லோரும் உட்கார்ந்ததும், "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று வெளியே போவாள். கதவைச் சாத்தி வெளித்தாழ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். விடுதலையைப் பற்றிப் பாடம் நடத்த அவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஆட்களை அடைத்துப்போடுவது. டீ முடிந்து வந்து திறந்து, உள்ளே யார் என்ன செய்தார்கள் என்று விசாரிப்பாள். அதிலிருந்து பாடம் ஆரம்பிக்கும்.

உள்ளூர் மிருகக்காட்சிசாலையில் வகுப்பு எடுத்த வருஷம், வரவேற்புரை சொல்ல வந்த கண்காணிப்பாளர் சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று அவள் நினைத்தாள். அவர் பின்வரிசையில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு டீயும் சூடு அதிகம். ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டியிருந்தது.

திறந்தபோது, ஓர் ஊழியர் பெஞ்சுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் எதற்கோ சண்டை போட்டு முடித்து வியர்த்திருந்தார்கள். கண்காணிப்பாளர் ஜன்னலிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். கதவக்காவுக்குப் பாடம் என்று வந்துவிட்டால் பதவி கண்ணில் படாது.

"பாத்தீங்களா, ஒரே தடத்துல போயிட்டுப் போயிட்டு வர்றாரு. அடைஞ்சு கெடக்கற கரடியும் இதைத்தான் பண்ணும்" என்றாள்.

வகுப்பு மொத்தமும் தன் கால் விரல்களைப் பார்த்தது.

"மேடம், எனக்கு ஒரு மீட்டிங் இருந்துச்சு" என்றார் கண்காணிப்பாளர்.

"கரடிக்கும் ஏதாவது வேலை இருந்திருக்கும் சார்."

கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. போக்குவரத்துத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர், அவ்வளவுதான். யானை முதல் ஆமை வரை எல்லாமே அவருக்கு வண்டிகள். காலையில் ஷெட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், ராத்திரி ஷெட்டுக்குத் திரும்ப வேண்டும், நடுவில் ஜனங்கள் கண்ணில் பட வேண்டும். கதவைத் திறந்துவைக்கும் யோசனையை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஷெட்ல நிக்கிற பஸ்ஸுக்கு யாரு மேடம் டிக்கெட் எடுப்பா" என்றார். பத்து நாள் வாதாடி, மேலிடத்துக் கடிதம் ஒன்றையும் காட்டிய பிறகு, ஒரே ஒரு கூண்டில் மட்டும் முயன்று பார்க்கச் சம்மதித்தார். அதற்கும் கெடு வைத்தார்.

"ஸ்கூல் லீவு முடியற வரைக்கும் தர்றேன். ஜனங்க கண்ணுல கரடி பட்டுச்சுன்னா கதவு திறந்தே இருக்கட்டும். படலைன்னா காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் மூடிடுவேன். அப்புறம் நீங்க உங்க புத்தகத்தை எடுத்துக்கிட்டு வேற ஊரைப் பாக்கலாம்."

அந்தக் கரடிக்குப் பெரியம்மா என்று பெயர். வயது ஏறிய, கனத்த, கறுத்த பெண் கரடி. நல்ல வயதில் எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டு, அன்றிலிருந்து அந்த முற்றத்தில் சுவரோரமாக நடந்து நடந்து, புல் முளைக்காத ஒரு தடத்தைப் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிட்டார்கள். அந்த முறையில் கரடி அவருக்கு அண்ணி ஆக வேண்டும் என்று யானைக்காரர் கிண்டல் செய்வதுண்டு. "அண்ணியா இருந்தா என்ன, வாய் பேசாத அண்ணி எத்தனை பேருக்குக் கெடைக்குது" என்பார் சித்தப்பா. தன்னைவிடப் பல வயது சின்னவளான கதவக்காவை அவர் அக்கா என்பார். அவள் அவரைச் சித்தப்பா என்பாள். உறவுமுறை இதற்கு மேல் குழம்ப வழியில்லை என்ற நிலையில் வேலை ஆரம்பமாயிற்று.

ஒரு காலையில் கதவைத் திறந்து, ஓடாமல் இருக்கக் கொக்கி போட்டு, எல்லோரும் விலகி நின்றார்கள். பெரியம்மா முற்றத்திலிருந்து வந்து வாசலை மோந்து பார்த்தது. முன்னங்கால் இரண்டையும் அறைக்குள் வைத்தது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. தலையும் தோளும் உள்ளே, பின்புறம் வெளியே. கதவு ஓடும் இரும்புப் பட்டை சரியாக அதன் வயிற்றுக்கு அடியில். சாயங்காலம் வரை அசையவில்லை. மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே.

ஜனங்களைப் பற்றிக் கதவக்காவுக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அடுத்து நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பின்புறத்தை ஜனங்கள் கொண்டாடினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் குடும்பத்தோடு திரும்பி நின்று, அதே மாதிரி பின்புறத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் யாரிடமோ திட்டு வாங்கிவிட்டு வந்த மாதிரி இருந்த ஒரு நடுவயது மனிதர் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தெளிவான முகத்தோடு போனார். ஜோடிகள் வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எத்தனையோ வருஷமாக முகத்தைக் காட்டி நடந்த கரடியை யாரும் சீந்தவில்லை. முதுகைக் காட்டியதும் அது ஊரின் பிரமுகராகிவிட்டது.

கண்காணிப்பாளர் நுழைவாயிலில் அந்தப் பின்புறத்தை ஆள் உயரத்துக்குப் படமாக மாட்டினார். "பாதி பஸ் வெளிய நிக்குதே மேடம், எனக்கு அது போதும்" என்றார். அவர் கைகொடுத்தது அன்றுதான் முதல் தடவை. எல்லோரும் கதவக்காவைப் பாராட்டினார்கள். கதவு திறந்திருந்தது, கண்காணிப்பாளர் மகிழ்ந்திருந்தார், விடுமுறையும் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் மழை வந்தது. பெரியம்மாவின் பாதி நனைந்தது, பாதி காய்ந்திருந்தது. நனையாமல் இருக்க உள்ளே நாலடி போனால் போதும், அது போகவில்லை. முலாம்பழத் துண்டுகளை அறைக்குள் சற்றுத் தள்ளி வைத்தார்கள். நாக்குக்கு எட்டியதைத் தின்றுவிட்டு மீதியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. இரும்புப் பட்டையில் உராய்ந்து வயிற்று முடி உதிர ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடினால் காது விறைத்துக்கொள்ளும். காது தளர்ந்தால் கண் திறந்துகொள்ளும். வேலிக்கு வெளியே ஜனங்கள் சிரித்த சிரிப்பில் இது யாருக்கும் தெரியவில்லை. உள்பக்கத்துக் கம்பியருகே நின்று பார்த்த கதவக்காவுக்குத் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு மகளின் அறைக் கதவைத் தள்ளினாள். தட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மிருகத்தின் அறைக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் நுழையக் கூடாது என்று அவள் பல ஊர்களில் பேசியிருக்கிறாள். மகள் அந்தப் பட்டியலில் வரவில்லை. கதவு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. இன்னும் தள்ளினாள். மெத்தென்று ஏதோ தடுத்தது.

"எதுக்குடி கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்க?"

"முட்டு இல்ல, நான்தான்" என்றாள் உள்ளேயிருந்து மகள். ப்ளஸ் டூ படிக்கிறாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி எதுக்கு வாங்கிப் போட்டிருக்கு?"

"நாற்காலியில உக்காந்தா நீ எப்ப வருவேன்னு கதவையே பாத்துட்டிருக்கணும். ஒரு வரி படிப்பேன், கதவைப் பாப்பேன். மறுபடியும் அதே வரி. இப்படி உக்காந்தா நீ வந்தா முதுகுக்குத் தெரியும். நிம்மதியாப் படிக்கலாம்."

"நான் வந்தா உனக்கு என்ன? ஒளிச்சு வைக்க ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ வா, வேணாம்னு சொல்லல. பூனை மாதிரி வராதன்னுதான் சொல்றேன். அப்பா வந்தா ரெண்டு ரூம் தள்ளியே இருமுவாரு. உனக்கு இருமலும் வராது."

கூடத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த கணவன், பாராட்டு தனக்குத்தான் என்று புரிந்து லேசாக இருமிக் காட்டினான்.

கதவக்கா அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளோடு சண்டை போடாமல் அவள் நின்றது அந்த வீட்டில் அபூர்வம் என்பதால் கணவன் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

மறுநாள் காலை, மிருகக்காட்சிசாலை திறக்கும் முன்பே போய் சித்தப்பாவைப் பிடித்தாள். "நீங்க கதவு எப்படி மூடுவீங்கன்னு காட்டுங்க."

சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அவருடைய திறமையைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்துக் காலிக் கூண்டின் கதவில் செய்து காட்டினார். ஒற்றை விரலால் தள்ளினார். இரும்புக் கதவு புகை நகர்வதுபோல் நகர்ந்து, மூச்சுக்கூட விடாமல் சட்டத்தில் போய்ப் பொருந்தியது.

"பாத்தீங்களாக்கா. வாரா வாரம் எண்ணெய். சக்கரத்துக்கு ரப்பர் சுத்தி வெச்சிருக்கேன். அது தாண்டிப் போற வரைக்கும் சும்மா நிப்பேன். வால் நுனி தாண்டினதும் ஒரே தள்ளு. திரும்பிப் பாக்கும்போது மூடி முடிஞ்சிருக்கும். அதுக்குத் தெரியவே தெரியாது."

"எத்தனை வருஷமா இப்படி?"

"உங்க புத்தகம் வந்த நாள்லேருந்து. முன்னாடி கதவு கத்துற கத்துக்கு யானையே மெரளும். 'சத்தம் மிருகங்களுக்கு வேதனை தரும், கதவுகளை ஓசையின்றி இயக்குக'ன்னு நீங்கதானே எழுதினீங்க. பக்கத்தைக்கூடச் சொல்லுவேன்."

எழுதியது அவள்தான். சத்தம் வேதனைதான், அதிலும் தவறில்லை. ஆனால் கதவு கத்திய காலத்தில் பெரியம்மாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது: கத்தாத நேரத்தில் கதவு மூடாது. எண்ணெய் விட்ட பிறகு எந்த நேரமும் மூடுகிற நேரமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வழி இருந்த இடத்தில் சுவர். இத்தனை வருஷம் அப்படி ஏமாந்த ஒரு பிராணி, கதவு திறந்து கிடந்த முதல் நாளே கண்டுபிடித்த உபாயம் இதுதான்: மூட முடியாதபடி நடுவில் உட்கார்ந்துகொள்வது. கரடி உள்ளேயும் வெளியேயும் போய்வர விரும்பித்தான் இருந்தது. போனால் வழி போய்விடும் என்ற பயத்தில் வழியையே காவல் காத்துக்கொண்டு கிடந்தது. அந்தக் காவலைத்தான் ஊர் கைகொட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் பஸ் நிறுத்தம் வரைதான் இருந்தது. அங்கே நிற்கும்போது மறுபாதியும் விளங்கிவிட்டது. கரடி பயந்து வாசலில் கிடப்பதால்தான் கதவு திறந்திருக்கிறது. பயத்தைத் தீர்த்தால் கரடி நிம்மதியாக உள்ளே போய்ப் படுக்கும். ஜனங்கள் கண்ணில் படாது. கண்காணிப்பாளர் வாக்குப்படி கதவை மூடிவிடுவார். மிருகத்தின் துன்பத்தை அப்படியே வைத்திருந்தால்தான் மிருகத்தின் உரிமை நிலைக்கும் என்ற இடத்துக்கு அவளுடைய பல வருஷத்துப் படிப்பு வந்து நின்றிருந்தது.

ராத்திரி அவள் இதைச் சொன்னதும் கணவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படியே விட்டுடேன். எல்லாருக்கும் சந்தோஷமாத்தானே இருக்கு" என்றான்.

"கரடிக்கு?"

"எல்லாருக்கும்னு சொல்லும்போது கரடியை யாரு சேக்கறா?"

இதைவிடத் தெளிவாக எதிர்க் கட்சியின் நிலைப்பாட்டை யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. கதவக்கா மறுநாளே வேலையைத் தொடங்கினாள்.

சித்தப்பாவின் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றிக் கதவுச் சட்டத்தில் முடுக்கினார்கள். இனிமேல் மணி அடிக்காமல் கதவு நகரக் கூடாது. அடித்ததும் மூடிவிடவும் கூடாது. சித்தப்பா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் துடைத்து, திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் கரடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அதன் இஷ்டம். வாசலிலேயே இருந்தால் மூடுவதில்லை, அன்றைய சுத்தம் காத்திருக்கும். மணி அடித்துவிட்டு மூடாமல் விளையாடுவதும் குற்றம்.

"அப்ப நான் ரோட்டுல வாயாலயே மணி அடிச்சுக்கிட்டுப் போகணுமா" என்றார் சித்தப்பா. அவருக்கு மனசு சரியில்லை. இத்தனை வருஷம் பாசத்தோடு எண்ணெய் விட்டது தப்பு என்று ஆகிவிட்டது. "நான் அதுக்கு நல்லதுதாங்கக்கா நெனச்சேன்."

"நானும்தான். அதான் ரெண்டு பேரும் சேந்து கெடுத்திருக்கோம்" என்றாள். அவள் ஆறுதல் சொல்லும் விதம் அப்படி.

தொடக்கத்தில் பெரியம்மா மணியைச் சட்டை செய்யவில்லை. சித்தப்பாவின் கண்ணாடிதான் பளபளவென்று ஆயிற்று. அறை சுத்தம் செய்வது மதியம் வரை தள்ளிப்போய் நாற்றம் குடலைப் பிடுங்கியது. யானைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அண்ணியின் நலம் விசாரித்துவிட்டுப் போவார். பிறகு ஒரு காலை மணி அடித்தபோது பெரியம்மா காதைத் திருப்பியது. இன்னொரு காலை எழுந்து நின்றது. இன்னும் சில நாள் கழித்து, மணி கேட்டதும் எழுந்து, இரண்டு பக்கமும் பார்த்து, முற்றத்துக்கு இறங்கி நடந்தது. சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவை மூடினார். கரடி திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடிக்காத நேரத்தில் கதவு மூடாது என்பதை அது நம்ப ஆரம்பித்துவிட்டது.

விளைவு அவள் பயந்தபடியே இருந்தது. ஒருநாள் பெரியம்மா வாசலை விட்டு எழுந்து முற்றத்தில் ஒரு சுற்று வந்தது. வேலியருகே அம்மாவின் இடுப்பில் இருந்த சிறுமி, "அம்மா, இதுக்கு மூஞ்சியும் இருக்கு" என்றாள். அதற்கடுத்த நாள் கரடி அறைக்குள் போய், சாக்குப் படுக்கையில் நான்கு காலையும் நீட்டி, குறட்டை விட்டுத் தூங்கியது. பல வருஷத்துத் தூக்கம் பாக்கி இருந்திருக்க வேண்டும். மறுநாளும் தூங்கியது. அடுத்த நாளும்.

நுழைவாயில் படத்தை நம்பி வந்தவர்கள் காலி முற்றத்தைப் பார்த்துக் கடுப்பானார்கள். "போர்டுல போட்டிருக்கறது எங்கங்க" என்று ஒருவர் அலுவலகத்தில் கேட்டார். என்ன வேண்டும் என்று குமாஸ்தா கேட்டதற்கு, சபையில் சொல்லத் தயங்கி, கையால் காட்டினார். விடுமுறை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கண்காணிப்பாளர் கெடுவரை காத்திருக்கவில்லை. கூட்டம் நிரம்பிய ஒரு மதியத்தில் நேரே உள்பக்கத்துக்கு வந்தார்.

"மேடம், பாதி பஸ்ஸும் உள்ள போயிடுச்சு. கரடியை வெளிய துரத்திட்டு கதவை மூடுங்க. சொன்ன வாக்குதானே."

சொன்ன வாக்குத்தான். குச்சியைத் தேடிக் கண்காணிப்பாளர் சுற்றும்முற்றும் பார்த்தபோது சித்தப்பா நடுவில் வந்தார்.

"சார், மூடணும்னா மூடறேன். ஆனா மணி அடிச்சிட்டுத்தான்."

"என்ன மணி?"

"அதுக்குச் சொல்லிட்டு மூடணும் சார். சொல்லாம மூடினா நாளைலேருந்து மறுபடியும் வாசல்ல உக்காந்துக்கும்."

மறுபடியும் வாசலில் உட்கார்ந்தால் கண்காணிப்பாளருக்கு லாபம்தான் என்பது சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. நல்லவேளையாகக் கண்காணிப்பாளருக்கும் தோன்றவில்லை. கதவக்காவுக்குத் தோன்றியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா மணி அடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். குறட்டை நின்றது. பெரியம்மா எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, யாரையும் லட்சியம் செய்யாமல், மூன்று பேரையும் கம்பிக்கு அந்தப் பக்கத்தில் கடந்து முற்றத்துக்குப் போயிற்று. வெளியே ஜனங்கள் ஆரவாரிப்பது கேட்டது. சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவை மூடினார். குச்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கண்காணிப்பாளர் சைக்கிள் மணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை அடிச்சா வந்துடுதா? அப்ப இதை மணிக்கொரு தரம் அடிங்களேன். கதவை நீங்க மூடவே வேணாம். அது பாட்டுக்கு வரும், ஜனங்க பாப்பாங்க."

"மூடாம அடிச்சா ரெண்டு நாள் வரும் சார். மூணாவது நாள் இது சும்மா சத்தம்னு அதுக்குப் புரிஞ்சிடும். பழையபடி வாசல்ல வந்து படுத்துக்கும்" என்ற கதவக்கா, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் யோசித்தார். பின்புறம் திரும்ப வரும் வழி இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. நுழைவாயிலில் படம் தயாராக இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாதாட அவளிடம் புள்ளிவிவரம் இருந்தது, மேலிடத்துக் கடிதம் இருந்தது. இரண்டாலும் பயன் இல்லை என்று தெரிந்தது.

"சார்" என்றாள். "சித்தப்பா ரூமைக் கூட்டிக் கழுவுறது விடியக்காலைல. அப்ப மணி அடிச்சு, கரடி வெளிய வந்து, கதவு மூடி, கழுவி முடிச்சுத் திறக்கறோம். அதைப் பாக்க ஒரு ஆளும் இல்ல. அந்த வேலையைக் காலைல பதினொரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மாத்திட்டா? கரடி அந்த ரெண்டு வேளையும் கண்டிப்பா வெளிய இருக்கும். பொய் மணி இல்ல, நெஜ மணி. மத்த நேரம் கதவு திறந்திருக்கும், அது இஷ்டம். நீங்க வாசல்ல எழுதிப் போட்டுடலாம், இத்தனை மணிக்குன்னு."

பதினொன்று, நாலு என்ற இரண்டு சொல்லும் கண்காணிப்பாளரின் முகத்தில் வேலை செய்ததை அவள் பார்த்தாள். மிருகக்காட்சிசாலைக்கு வந்த இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவர் கையில் யாரோ ஒரு கால அட்டவணையைக் கொடுத்திருக்கிறார்கள்.

"லேட் ஆகாதே?"

"சித்தப்பா லேட் ஆனதே இல்ல சார்."

"இடையில ஒரு ட்ரிப் சேக்க முடியாதா? ரெண்டு மணிக்கு?"

"சுத்தமா இருக்கற ரூமை எத்தனை தடவை சார் கழுவுறது?"

ஷெட்டுக்கு வந்த வண்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் அவரும் கழுவியதில்லை. "லீவு முடியற வரைக்கும் பாப்போம்" என்றார். விடுமுறை முடிந்தும் அதை அவர் மாற்றவில்லை என்பது பின்னால் தெரிந்த விஷயம்.

வீட்டில் மகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் மணி மாட்டுவியா" என்றாள். கதவக்கா, "தட்டுறேன்" என்றாள். முதல் வாரம் தட்டிக்கொண்டே நுழைந்தாள். அதில் இன்னும் திருத்தம் தேவைப்படுகிறது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் மேல் ஒட்ட ஒரு துண்டுத் தாள் அச்சடித்து எல்லா ஊருக்கும் அனுப்பினாள்: ஓசையின்றி மூடுக, ஆனால் முதலில் சொல்லிவிட்டு மூடுக. சில ஊர்களில் இதைப் படித்துவிட்டு ஒலிபெருக்கி வாங்கிவிட்டார்கள் என்று கேள்வி. கையேடு எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

முதல் பதினொரு மணிக்கு நல்ல கூட்டம். சித்தப்பா தலையைப் படிய வாரி, சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். யானைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். மணி அடித்தது, பெரியம்மா வெளியே வந்தது, கதவு மூடியது. ஜனங்கள் பார்க்க, கரடி மண்மேட்டின் மேல் ஏறி, அங்கே ஒளித்துவைத்திருந்த பூசணித் துண்டுகளைத் தோண்டி எடுத்துத் தின்றது. சுவரோரத் தடத்துப் பக்கம் போகவே இல்லை. கழுவி முடித்த சித்தப்பா விளக்குமாற்றோடு வெளியே வந்து, கடிக்குமா, குட்டி போடுமா, உங்களைத் தெரியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் மனம்போன போக்கில் பதில் சொன்னார். பிறகு உள்ளே போய்க் கதவைத் திறந்து கொக்கி போட்டார்.

கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இப்ப உள்ள ஓடிடும், அதானே?"

கதவு திறந்த அசைவுக்குப் பெரியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தது. திறந்த வாசலையும் அதற்குப் பின்னால் இருந்த இருட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பூசணித் துண்டை இரண்டு கையாலும் பிடித்து மறுபடியும் தின்ன ஆரம்பித்தது.

"ஏன் போகலை?" என்றார் கண்காணிப்பாளர்.

"வழி இருக்கான்னு பாத்துக்கிச்சு சார்" என்றாள் கதவக்கா.

அவருக்குப் புரியவில்லை. தின்று முடித்த பெரியம்மா மேட்டின் மேலேயே புரண்டு, வயிற்றை வெயிலுக்குக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டது. காதுகள் இரண்டும் தளர்ந்து கிடந்தன.